மஞ்சள் கவர் வண்டியேறிய பிறகு: தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர், உறுப்பினர் செயலர் மற்றும் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

தென் மாவட்டம் ஒன்றில், நூறு படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புச் செவிலியராக வேலை பார்க்கிறேன். வார்டில் மருத்துவக் கழிவை எப்படிப் பிரிப்பது என்று சொல்லிக் கொடுப்பதும், பிரித்தது சரிதானா என்று பார்ப்பதும், கழிவை எடுத்துப்போகும் வண்டி வரும்போது எடையை எழுதி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு. இந்த மடலை மருத்துவமனை நிர்வாகத்தின் சார்பில் எழுதவில்லை. பயோ வேஸ்ட் கவரைத் தினமும் கையில் தூக்குகிற பெண்களுக்காகவும், அதை வாங்கி வண்டியில் அடுக்குகிற பையன்களுக்காகவும் எழுதுகிறேன். அவர்கள் யாரும் உங்களுக்குக் கடிதம் எழுதப் போவதில்லை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1998-லிருந்து மருத்துவக் கழிவுக்கான விதிகள் பல தடவை மாறியிருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் வார்டுக்குள் நாங்கள் செய்ய வேண்டிய வேலை கூடியிருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. பெரும்பாலானவை நல்ல மாற்றங்கள். ஆனால் கவரின் கழுத்தைக் கட்டி முடித்த நேரத்திலிருந்து, அது சுத்திகரிப்பு நிலையத்தில் போய் இறங்கும் நேரம் வரை என்ன நடக்கிறது என்று பார்க்க ஆளில்லை. அந்த இடைவெளிக்கும் விதியில் வரிகள் இருக்கின்றன. அந்த வரிகள் நடைமுறையில் இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையை எங்கள் தலையில் விடாமல் வாரியமே எடுத்துக்கொள்ள வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

மாற்றங்கள் எங்களிடம் எப்படி வந்து சேர்கின்றன என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

1998 ஜூலையில் வந்த முதல் விதிகளில் மருத்துவக் கழிவு பத்து வகையாக இருந்தது. பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் கவரிலும் போகலாம், சிவப்பிலும் போகலாம். ஐவி செட், கதீட்டர் போன்ற பிளாஸ்டிக் சிவப்பிலும் போகலாம், நீலத்திலும் போகலாம். காலாவதியான மருந்து கறுப்பில். எரிப்பதா, நீராவியில் கிருமி நீக்குவதா என்பதைப் பொறுத்து நிறம் மாறும். 2016 மார்ச் 28 அன்று வந்த புதிய விதிகள் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தின. ரத்தம் பட்ட பஞ்சு, நஞ்சுக்கொடி, வெட்டி எடுத்த உடல் பாகம், காலாவதி மருந்து எல்லாம் மஞ்சள். கிருமி நீக்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பிளாஸ்டிக் சிவப்பு. ஊசி, பிளேடு எல்லாம் குத்தினாலும் துளைக்காத வெள்ளை டப்பா. கண்ணாடியும், உடலுக்குள் பொருத்தும் உலோகமும் நீலம். ஒரு பொருளுக்கு ஒரு நிறம். உண்மையிலேயே நல்ல வேலை.

ஆனால் பழைய காலத்தில் வேலைக்குச் சேர்ந்த கைகள் இருக்கின்றனவே! எங்கள் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அக்காவுக்கு நீலம் என்றால் ட்யூப்தான். பல வருடம் அப்படித்தான் போட்டிருக்கிறார். திடீரென்று ஒருநாள் நீலத்தில் ட்யூப் போடக் கூடாது, மருந்து பாட்டில் போட வேண்டும் என்றால் கை உடனே மாறுமா? சுவரில் ஒட்டுவதற்கு வந்த அட்டையோ முழுக்க ஆங்கிலம். கடைசியில் காலி ஐவி பாட்டில் ஒன்றைச் சிவப்பு டப்பா மூடியிலும், காலி மருந்து பாட்டில் ஒன்றை நீல டப்பா மூடியிலும் டேப் போட்டு ஒட்டி வைத்தோம். அதற்கப்புறம்தான் அவருக்கு மட்டுமல்ல, புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைகளுக்கும் குழப்பம் தீர்ந்தது. பிளீச்சிங் கரைசலும் இப்படித்தான். ட்யூபை, ஊசியை அதில் ஊற வைத்த பிறகுதான் கட்ட வேண்டும் என்று முன்பு படித்தோம். இன்று ஆய்வகக் கழிவுக்கும் ரத்தப் பைக்கும் மட்டும்தான் மருத்துவமனையிலேயே முன்கூட்டிக் கிருமி நீக்கச் சொல்கிறார்கள். இருந்தும் பல கிளினிக்குகளில் இன்றைக்கும் வாளியில் எல்லாமே ஊறிக்கொண்டிருக்கும். விதி மாறியது அவர்களுக்குத் தெரியாது. தெரிவிக்க யாரும் போகவில்லை.

சரி, கவருக்கு வருகிறேன்.

பிரசவ வார்டில் இரவு ஷிப்ட் முடியும்போது மஞ்சள் கவர் எப்படி இருக்கும் என்று உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. ஒரு நஞ்சுக்கொடியே அரை கிலோ வரும். நாலைந்து பிரசவம் ஆன இரவில் அதோடு ரத்தத்தில் ஊறிய பேடும் பஞ்சும் சேர்ந்தால் கவர் கனக்கும். முக்கால் பங்கு நிறைந்ததும் கட்டிவிட வேண்டும் என்பது நடைமுறை. கட்டித்தான் வைப்போம். ஆனால் தூக்கும்போது அடி ஒட்டு இழுபடும். கழுத்தைப் பிடித்து மட்டும் தூக்கினால் பிரிந்துவிடும் என்று அந்த அக்காவுக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அடியில் கொடுத்து, கவரை மார்போடு அணைத்தபடி எடுத்துப் போவார். அப்படி எடுக்கக் கூடாது, தள்ளுவண்டியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்வேன். லேபர் வார்டுக்கும் கழிவை வைக்கும் பின்பக்க அறைக்கும் நடுவில் மூன்று படிக்கட்டு இருக்கிறது. தள்ளுவண்டி அங்கே நின்றுவிடும்.

அந்த ஒரு நிமிடத்தில்தான் ஆபத்து அத்தனையும் இருக்கிறது. யாரோ அவசரத்தில் ஊசியைப் பஞ்சோடு சேர்த்து மஞ்சளில் போட்டிருந்தால் அது குத்துவது அடியில் கொடுத்த கையில்தான். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் நூற்றுக்கு முப்பது பேர் வரை தொற்றிக்கொள்ளலாம். ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றுக்கு மூன்று பேர், எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது முதலில் ஹெபடைடிஸ் பிக்கு. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் அதையும் டெட்டனஸ் ஊசியையும் போட வேண்டும் என்று 2016 விதிகளே சொல்கின்றன. ஆனால் அது மூன்று தவணை. மூன்றாவது தவணை ஆறாவது மாதத்தில். ஒப்பந்த ஏஜென்சி மூலம் வரும் துப்புரவுப் பணியாளர் அதற்குள் வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டுவிடுவார். அங்கே மறுபடியும் முதல் தவணையிலிருந்து ஆரம்பிப்பார்கள், அல்லது ஆரம்பிக்கவே மாட்டார்கள். தடுப்பூசி அட்டை மருத்துவமனை ஃபைலில் இருக்கக் கூடாது. பணியாளர் கையில் இருக்க வேண்டும், அவர் எங்கே போனாலும் கூடவே போக வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

கவரின் தரத்தை யார் சோதிக்கிறார்கள்? குளோரின் கலந்த பிளாஸ்டிக் கவரையும் கையுறையையும் இரண்டு வருடத்தில் நிறுத்த வேண்டும் என்று 2016-ல் சொன்னார்கள். 2018 மார்ச் திருத்தம் ரத்தப் பைக்கு விலக்குக் கொடுத்து, கெடுவை 2019 மார்ச் 27 வரை தள்ளி வைத்தது. அந்தத் தேதியும் போய் வருடக்கணக்கு ஆகிவிட்டது. காரணம் முக்கியமானது: குளோரின் உள்ள பிளாஸ்டிக் எரியும்போது டையாக்ஸின், ஃபியூரான் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. எரிகலனின் புகையில் அவை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு 2016 விதிகளில்தான் முதல் முறையாக வரம்பு வந்தது. புகையில் தூசியின் அளவையும் ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைத்தார்கள். ஆக, நாங்கள் எந்தக் கவரில் எதைப் போட்டுக் கட்டுகிறோம் என்பது, எங்கேயோ ஒரு கிராமத்துக்குப் பக்கத்தில் நிற்கும் புகைபோக்கியில் தெரியும்.

எங்களுக்கு வரும் கவரில் குளோரின் இல்லை என்று அச்சடித்திருக்கிறது. அச்சைத்தான் நாங்கள் பார்க்க முடியும். உள்ளே என்ன பிளாஸ்டிக் என்று சொல்ல எங்களிடம் கருவி இல்லை. சில இடங்களில் மருத்துவமனையே கடையில் வாங்குகிறது, சில இடங்களில் கழிவு எடுக்கும் நிறுவனமே கவரையும் தருகிறது. எங்கிருந்து வந்தாலும், விலை குறைந்ததுதான் வாங்கப்படும். வாரியத்துக்கு ஆய்வகங்கள் இருக்கின்றன. கடையிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் கவர்களை எடுத்துச் சோதித்து, எந்தத் தயாரிப்பு தேறுகிறது, எது தேறவில்லை என்று வெளியிடுங்கள். அந்தப் பட்டியல் எங்கள் கொள்முதல் பிரிவின் மேசையில் இருந்தால், மலிவான கவரை வாங்காதீர்கள் என்று நாங்கள் ஒவ்வொரு தடவையும் கெஞ்ச வேண்டியிருக்காது.

அப்புறம் பார்கோடு. ஒவ்வொரு கவரிலும் ஸ்டிக்கர் ஒட்டி, வார்டிலிருந்து எரிகலன் வரை பின்தொடரலாம் என்பது அருமையான யோசனை. 2016-ல் ஒரு வருடத்துக்குள் செய்யச் சொன்னார்கள், 2018 திருத்தத்தில் அதற்கும் 2019 மார்ச் வரை அவகாசம் நீண்டது. இப்போது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதற்கும் ஒரே பார்கோடு முறையைக் கொண்டுவருகிறது. வரட்டும். வருவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: ஈரமான கவரில் ஸ்டிக்கர் ஒட்டாது. ஒட்டினாலும் குவியலில் கவர்கள் ஒன்றோடொன்று உரசும்போது உரிந்து வந்துவிடும். அதனால் ஸ்டிக்கரைக் கவரில் ஒட்டாமல் ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொண்டு, வண்டி வந்ததும் அட்டையை ஸ்கேன் செய்து அனுப்பும் பழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. கணினியில் கணக்கு நேராக வரும். கவர் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. கவரின் கழுத்தில் கட்டும் டேக்கிலேயே பார்கோடு அச்சடித்து வந்தால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

கவர் எங்கே போனது என்று தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் பார்த்தது. நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர் பக்கம் கேரளத்து மருத்துவமனைக் கழிவு கொண்டுவந்து கொட்டப்பட்டிருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு, கேரள அரசே அதை அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே மாதத்தில் லாரிகள் வந்து அள்ளிச் சென்றன. அந்தக் கழிவு எந்த மருத்துவமனையுடையது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? குப்பையில் கிடந்த நோயாளிகளின் சிகிச்சைச் சீட்டுகளை வைத்துத்தான். பார்கோடு விதி வந்து எட்டு வருடம் கழித்து, கசங்கிய காகிதத்தில் இருந்த நோயாளியின் பெயர்தான் துப்பாக உதவியது. கேரளத்தைக் குறை சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது. நம் ஊர் ஓடைக்கரையில் நாளைக்கு ஒரு சிவப்புக் கவர் கிடந்தால், நம்மாலும் அதைவிட மேலாக எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

அதற்குப் பிறகு 2025-ல் தமிழ்நாடு, குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவக் கழிவை முறைகேடாகக் கொட்டுபவர்களையும் தடுப்புக் காவலில் வைக்கலாம் என்று கொண்டுவந்தது. மறுபக்கம், மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கழிவை ஒப்படைத்த நிறுவனத்துக்கும், எடுத்த நிறுவனத்துக்கும் அபராதம். லாரியை ஓட்டி வந்து கொட்டிய கூலி டிரைவருக்குக் காவல். கொட்டுவது பெரிய குற்றம்தான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பொறுப்பு மேலிருந்து கீழே வரும்போது கனம் கூடிக்கொண்டே போவது நியாயமாகப் படவில்லை. விதிகளே இந்தக் கழிவால் வரும் பாதிப்புக்கு மருத்துவமனையும் நிலையத்தை நடத்துபவரும்தான் பொறுப்பு என்கின்றன. அங்கே கையை வையுங்கள்.

இனி வண்டி. இந்த மடலின் மையம் இதுதான்.

உடல் பாகமும் ரத்தம் பட்ட கழிவும் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. விடுமுறை நாளிலும் கழிவை எடுக்க வேண்டும். மூடிய வண்டி வேண்டும், அதில் ஜி.பி.எஸ். வேண்டும். எல்லாம் விதியில் இருக்கிறது. நடப்பது என்ன? பெரிய நகரத்தின் பெரிய மருத்துவமனைக்கு வண்டி தினமும் வரும், ஏனென்றால் அங்கே கழிவும் அதிகம், கட்டணமும் அதிகம். எங்களைப் போன்ற ஊர்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். பண்டிகை வந்தால் அதுவும் இல்லை. பொங்கல் சமயத்தில் நாலு நாள் வண்டி வராமல் போவது எங்களுக்குப் புதிதல்ல. பிரசவம் பொங்கலுக்கு லீவு எடுப்பதில்லை. கத்திரி வெயில் நாளில் பின்பக்க அறைக் கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே ஃபிரிட்ஜ் கிடையாது, ஜன்னல் வழியாகப் பூனை போகாமல் வலை அடித்திருக்கிறோம், அவ்வளவுதான். மஞ்சள் கவர்கள் உப்பிப்போய், அடியில் கசிந்து, சிமெண்டுத் தரையில் கறை படிந்திருக்கும். அடுத்த நாள் வண்டி வரும்போது அந்தக் கவர்களை எடுத்துக் கொடுப்பதும் அதே அக்காதான். பால் வண்டி ஒருநாள் வராவிட்டால் தெருவே கேட்கும். இந்த வண்டி வராவிட்டால் கேட்க நாதியில்லை.

ஏன் நாங்கள் கேட்பதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். 48 மணி நேரத்தைத் தாண்டினால் காரணத்தோடு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 75 கிலோமீட்டருக்குள், பல மருத்துவமனைகளின் கழிவையும் வாங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மருத்துவமனை சொந்தமாகச் சுத்திகரிப்பு வசதி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதிதான். அது சரியான விதி. ஒவ்வொரு மருத்துவமனையும் கொல்லைப்புறத்தில் எரித்த காலத்துக்கு யாரும் திரும்பக் கூடாது. ஆனால் அதன் விளைவாக, ஒரு வட்டாரத்துக்கு ஒரே நிறுவனம்தான். அவர்களைப் பற்றி எழுத்தில் புகார் கொடுத்தால், அடுத்த நாள் அதே வண்டியை எதிர்பார்த்துத்தான் நிற்க வேண்டும். எந்த நிர்வாகமும் அந்தப் புகாரில் கையெழுத்துப் போடாது. அதனால் வண்டி வராத நாளில் ரிஜிஸ்டர் வெறுமையாக இருக்கும். வந்த நாளில் முந்தைய நாளுக்கும் சேர்த்து எடை எழுதப்படும். வருடக் கடைசியில் எல்லாம் கூட்டி ஜூன் 30-க்குள் உங்களுக்கு அறிக்கை வந்துவிடும். அதில் ஒரு குறையும் தெரியாது.

இதை மாற்ற உங்களிடம் ஏற்கெனவே எல்லாம் இருக்கிறது. வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. எங்கள் மருத்துவமனை இருக்கும் இடம் உங்கள் அனுமதிக் கடிதத்திலேயே இருக்கிறது. எந்த மருத்துவமனை வாசலில் கடைசியாக எப்போது வண்டி நின்றது என்று கணினி தானாகவே சொல்லிவிடும். அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். 48 மணி நேரம் தாண்டினால், நாங்கள் புகார் எழுதாமலேயே நிறுவனத்துக்கு நோட்டீஸ் போகட்டும். புகார் கொடுத்தவர் யார் என்ற கேள்வியே வராது, பயமும் இருக்காது. கோரிக்கைகளில் ஒன்றே ஒன்றுதான் ஏற்பீர்கள் என்றால், இதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

சிறிய கிளினிக்கும் லேபும் இதைவிட மோசம். படுக்கை இல்லாத இடங்களுக்கு ஒருதடவை அனுமதி வாங்கினால் போதும், புதுப்பிக்கத் தேவையில்லை. சுமையைக் குறைக்க வைத்த ஏற்பாடு. அதன் விளைவு, அதற்கப்புறம் யாரும் அந்தப் படியேறிப் பார்ப்பதில்லை. மாதச் சந்தா கட்டியிருப்பார்கள், ரசீது இருக்கும், கவர் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அங்கே அதை எடுப்பவர் நகராட்சித் துப்புரவுப் பணியாளர். ஊசி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிவப்புக் கவர் வழிதவறினால் வரும் ஆபத்து வேறு மாதிரி. சிரிஞ்சும் ஐவி செட்டும் நல்ல பிளாஸ்டிக், காயலான் கடையில் விலை போகும். 2009-ல் குஜராத்தின் மோடாசாவில் ஹெபடைடிஸ் பி பரவிப் பல பேர் இறந்தார்கள். பயன்படுத்திய சிரிஞ்சுகளைத் திரும்பப் பயன்படுத்தியதுதான் காரணம் என்று தெரியவந்தது. பழைய சிரிஞ்சுகளை விற்கும் வியாபாரமும் அப்போது வெளியே வந்தது. சிவப்புக் கழிவைத் துண்டு துண்டாக வெட்டிய பிறகே மறுசுழற்சிக்கு விட வேண்டும் என்று விதி கறாராக இருப்பது இதனால்தான். வெட்டுவது நிலையத்தில் நடக்கிறது. வார்டுக்கும் நிலையத்துக்கும் நடுவில் அது முழு சிரிஞ்சாகவே பயணம் செய்கிறது. வாசலில் எடுத்த எடையும் நிலையத்தில் இறக்கிய எடையும் ஒன்றா என்று நிறவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தால் எங்கே கசிகிறது என்று தெரியும். எங்கள் வாசலுக்கு வரும் வண்டியில் எடை மெஷின் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. இல்லாத நாளில் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வதுதான் எடை.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால், 2020-ஐ நினைவூட்டுகிறேன். கொரோனாக் கழிவுக்கான வழிகாட்டுதலை மத்திய வாரியம் மார்ச்சில் வெளியிட்டது, ஜூலைக்குள் நான்கு தடவை திருத்தியது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கவர், மேலே கொரோனாக் கழிவு என்று எழுத்து, தனி டப்பா, தனி வண்டி, பின்தொடர ஒரு செயலி. கவச உடையில் எது மஞ்சள், எது சிவப்பு என்பதில்கூட நடுவில் மாற்றம் வந்தது. முகக்கவசமும் தலைத்தொப்பியும் மஞ்சளுக்கு, கண்ணில் மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் பிளாஸ்டிக் உடையும் கையுறையும் சிவப்புக்கு. இரவோடு இரவாகச் சொல்லிக் கொடுத்தோம், எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். வண்டியும் தினமும் வந்தது. மூக்கு, தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியை மூன்று அடுக்காகப் பொதிந்து, உறிஞ்சும் பஞ்சு வைத்து, உடையாத பெட்டியில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். பயம் இருந்தபோது எல்லாம் முடிந்தது. பயம் போன பிறகு இரட்டைக் கவரும் போய்விட்டது, தினசரி வண்டியும் போய்விட்டது. ஹெபடைடிஸ் பி மட்டும் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

வசதியான நாடுகளும் இந்த இடைவெளியில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன. 2014-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழக மருத்துவமனையில் இபோலா நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தபோது, அவர்களின் கழிவை எடுக்கக் கழிவு நிறுவனம் மறுத்துவிட்டது. கசியாத கலனில் வைத்து மற்ற தொற்றுக் கழிவைப் போல அனுப்பலாம் என்று அந்நாட்டு அரசின் நோய்த்தடுப்பு மையம் சொன்னது. போக்குவரத்துத் துறையின் விதியோ தனிப் பொதிப்பும் தனிப் பயிற்சியும் கேட்டது. இரண்டு துறையும் ஒத்துப்போகும் வரை கவர்கள் மருத்துவமனையிலேயே குவிந்தன. அதிலிருந்து பாடம் கற்று, இந்த மாதிரிக் கழிவுக்கென்றே யு.என். 3549 என்ற தனி எண்ணையும் பொதிப்பு முறையையும் ஐ.நா.வின் ஆபத்தான சரக்குகளுக்கான மாதிரி விதிகளில் 2019-ல் சேர்த்தார்கள். வண்டிக்காரர் எப்படிக் கொண்டுபோவார் என்று கேட்காமல் எழுதிய விதி, வண்டிக்காரர் வாசலில் வந்து நின்றதும் செல்லாமல் போனது.

வீட்டுக் கழிவைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். இன்சுலின் ஊசி போடாத தெரு இன்று இல்லை. வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஊசியை என்ன செய்வது என்று அவர்கள் கேட்டால், மூடியிறுகிய கெட்டியான டப்பாவில் போட்டு வையுங்கள், நிறைந்ததும் எங்களிடமே கொண்டுவாருங்கள் என்று சொல்கிறோம். இப்படி வாங்கிக்கொள்ளும் மருத்துவமனைக்கும் மருந்துக் கடைக்கும் கூடுதல் எடைக்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்று நீங்கள் சொன்னால் பல பேர் முன்வருவார்கள்.

அடுத்த திருத்தத்தின் வரைவு வெளிவரும்போது, கருத்துச் சொல்ல வழக்கம்போல அறுபது நாள் கொடுப்பார்கள். அந்த அறுபது நாளில் வரைவைத் தமிழில் கொடுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கூட்டம் போடுங்கள். மருத்துவமனை முதலாளிகளும் டாக்டர்களும் மட்டும் வரும் கூட்டமாக அது இருக்க வேண்டாம். கவர் தூக்குகிற ஒருவர், வண்டி டிரைவர் ஒருவர், நகராட்சித் துப்புரவுப் பணியாளர் ஒருவர் கட்டாயம் பேச வேண்டும் என்று வையுங்கள். அன்றைய கூலி அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். பொங்கலுக்கான வண்டி அட்டவணையை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம். எந்த ஊருக்கு எந்த நாளில் வண்டி வரும் என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் மார்கழியிலேயே எழுதி வாங்கி, வாரியத்தின் இணையதளத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தொற்றுத் தடுப்புச் செவிலியர் ஒருவர்